பட்டைச்சாமிக்குத் தண்ணீர் ஊற்றாதே

லோரியில் ஏறிய பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“செடிக்குத் தண்ணி ஊத்திராத!”

எனக்கு அப்போது பதினாறோ பதினேழோ. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்ற ஆண்களில் பாதிப் பேரை அப்படியே லோரியில் ஏற்றிவிட்டார்கள். லோரியில் நின்ற மற்ற ஆண்கள் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்து அழுதார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார்கள். நானும் எனக்கு ஏதாவது வரும் என்று முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். வந்தது அதுதான். சொல்லிவிட்டு, எனக்குக் காது கேட்கவில்லையோ என்று கையையும் ஆட்டிக் காட்டினார். ஊற்றாதே, ஊற்றாதே.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதுகூட இல்லை. அவள் குழாயடியிலிருந்து ஓடி வந்து சேர்வதற்குள் லோரி செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அவள் புருஷனின் முதுகைக்கூட அவள் பார்க்கவில்லை. அதனால் என் வயிற்றெரிச்சலை அன்றைக்கு யாரிடமும் சொல்ல முடியாமல் போய்விட்டது.

செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் வீட்டுக்காரரை நீங்கள் கிறுக்கன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் கிறுக்கன்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

மலாயாவின் கெடாப் பக்கம், செர்டாங்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் எங்களை வைத்து வேலை வாங்கிய தோட்டம். அங்கே துரை பங்களாவில் என் வீட்டுக்காரர் பூச்செடி பார்க்கிற வேலையில் இருந்தார். பால் வெட்டுகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்து, “உனக்கென்னப்பா, பூவுக்கு மாமனாரு” என்று கேலி பண்ணுவார்கள். சண்டை வந்து, துரையும் துரைசானியும் அவசரமாகக் காரில் சாமான் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடின அன்றைக்கு, துரைசானியின் கையில் ஒரு சின்னப் பீங்கான் தொட்டி. நீலப் பூப் போட்டது. அதில் இந்தச் செடி. மேசைமேல் வைத்து வீட்டுக்குள்ளேயே வளர்க்கிற ஜாதி. காரில் நாய்க்கு இடம் இருந்தது, செடிக்கு இடம் இல்லை. அதனால் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருக்கிறாள்: “வெயில் வேணாம். தண்ணி ரொம்ப வேணாம். பாத்துக்கோ.”

இவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வந்தார். கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிக் கொண்டுவரவில்லை.

என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“வெயிலும் வேணாம், தண்ணியும் வேணாம்னா, இது செடியாடா, பொணமா?”

“வெள்ளக்காரச் செடிம்மா. அப்படித்தான்.”

“அவனுங்க நாயையும் வீட்டுக்குள்ள வைக்கிறானுங்க, செடியையும் வீட்டுக்குள்ள வைக்கிறானுங்க. மனுசன மட்டும் வாசல்ல நிறுத்துறானுங்க.”

சொல்லிக்கொண்டே குனிந்தவர் நிமிரவில்லை. செடி என் கைப்பிடிக்குள் அடங்குகிற அளவுதான். விரல் விரலாகத் தடித்த இலைகள், கரும்பச்சை, நுனி கூர்மை. ஒவ்வொரு இலையின் முதுகிலும் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு. திருநீற்றைக் குழைத்து மூன்று விரலால் இழுத்த மாதிரியே இருக்கும். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஏ புள்ள, இங்க பாரு. உடம்பெல்லாம் பட்டை போட்டிருக்கு.”

அன்றிலிருந்து அது பட்டைச்சாமி. வெள்ளைக்காரச் செடிக்கு எங்கள் வீட்டில் ஒரே நிமிஷத்தில் மதம் மாறிவிட்டது.

கொஞ்ச நாளில், பங்களாச் சாமான் வைத்திருக்கிறவன் தலையை ஜப்பான்காரன் எடுத்துவிடுகிறான் என்று சுங்கை பட்டாணிப் பக்கத்திலிருந்து பேச்சு வந்தது. துரை ஓடின பிறகு பங்களாவுக்குள் புகுந்து ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்தவர்கள், நாற்காலியை ஆற்றில் போட்டார்கள், கடிகாரத்தைக் கிணற்றில் போட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒரு பூத்தொட்டி. அதுவும் கொடுத்தது. கொடுத்தவள் எங்கே வந்து சாட்சி சொல்லப்போகிறாள்? என் வீட்டுக்காரர் கிழங்குக் காட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அத்தை தொட்டியை உலக்கையால் இடித்து, கக்கூசுக்குப் பின்னால் புதைத்துவிட்டார். பட்டைச்சாமியை மண்ணோடு எடுத்து ஒரு மங்கில் வைத்தார்.

மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற சின்னக் கிண்ணம். தோட்டத்தில் மண்ணாங்கட்டிக்கு அடுத்தபடி அதிகமாகக் கிடைத்தது அதுதான். நாங்கள் அதில்தான் உப்பு வைத்தோம், விளக்கு ஏற்றினோம், சாம்பிராணி போட்டோம். அதில் செடி வைத்தால் என்ன என்று அத்தை நினைத்தார், நானும் நினைத்தேன். தோட்டத்துக்காரர்களுக்கு மங்கு ஒழுகக் கூடாது. ஒரு சொட்டுப் பால் போனாலும் கங்காணி கத்துவார். ஒழுகாத மங்குதான் நல்ல மங்கு. செடிக்கு ஒழுகுகிற பாத்திரம் வேண்டும் என்பது எங்கள் புத்தியில் எப்படி ஏறும்?

இவருக்கு ஏறியது. வந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இதுல தண்ணி போக வழியில்லையேம்மா.”

“அப்ப ஊத்தாத.”

ஆணி அடித்தால் மங்கு உடையும். தகர டின்னெல்லாம் அப்போது பெட்டியில் பூட்டி வைக்கிற பொருள். சரி, தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். விரலை நனைத்து மண்ணில் ஒரு உதறு உதறுவார். அது காய்ந்து, மண் மங்கை விட்டு விலகின பிறகு இன்னொரு உதறு. அவ்வளவுதான் அதற்குச் சாப்பாடு. எங்கள் வீட்டில் அரிசி கேட்காத ஒரே ஆள் அதுதான் என்று எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆகவே லோரியில் நின்றுகொண்டு அவர் கத்தினதில் நியாயம் இருந்தது. அவருக்கு அவர் அம்மாவைத் தெரியும்.

லோரி போன மறுநாளே அத்தை பட்டைச்சாமியைச் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“இது வாடாம இருக்கிற வரைக்கும் எம்மவன் நல்லா இருப்பான்.”

“யாரு சொன்னா அத்தை?”

“யாரு சொல்லணும்? எனக்குத் தோணுது.”

யாராவது சொல்லியிருந்தால் போய்ச் சண்டை போடலாம். தோன்றினதோடு எப்படிச் சண்டை போடுவது? ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததோடு சண்டை போட்டேன். மகன் நன்றாக இருக்க வேண்டும் என்று தினம் அதற்குத் தண்ணீர் ஊற்ற வந்தார். வெறும் தண்ணீர் இல்லை, மரவள்ளிக்கிழங்கு அலசின தண்ணீர், சத்தாம்.

“அவரு ஊத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு அத்தை.”

“ஒங்கிட்ட சொன்னான். எங்கிட்ட சொல்லலையே.”

நான் மங்கைத் தூக்கிக் குறுக்குச் சட்டத்தின்மேல் வைத்தேன். அவர் உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறினார். நான் உரலை அக்கா வீட்டுக்கு இரவல் கொடுத்தேன். அவர் தானே அங்கே போய்த் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தார். அக்கா வாசலில் நின்று எங்களைப் பார்த்து, “ஊரெல்லாம் சோத்துக்குச் சண்டை. இந்த வீட்டுல ஒரு செடிக்குச் சண்டை” என்பாள். அவள் சிரிப்பது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். அதனாலேயே நான் சில நாள் சத்தத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறேன்.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். “அத்தை, திருநீறு பூசின சாமிக்குக் கிழங்குத் தண்ணி ஊத்தலாமா? தீட்டு ஆகாதா?” என்று கேட்டேன். அவர் யோசித்தார். அதன் பிறகு அதன் முன்னால் விழுந்து கும்பிடுவதோடு நிறுத்திக்கொண்டார். நான் பலகைச் சுவரின் இடுக்கில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து மங்கை வைத்தேன். ஒரே பக்கம் சாயாமல் இருக்க அவ்வப்போது திருப்பி வைப்பேன். கூரையிலிருந்து செல் அரித்த தூள் விழும், சேலை முனையை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பேன். வளர்கிறதா என்று பார்க்க அதன் உயரத்துக்குச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தேன். கோடுதான் அழிந்தது, செடி அதைத் தாண்டவில்லை. ஒரு புது இலை நடுவில் மூக்கை நீட்டுவதற்குள் நான் உடுத்தியிருந்த சேலை கிழிந்து கோணியாகிவிட்டது.

கட்டியிருந்தது கோணி, சாப்பிட்டது கிழங்கு, விளக்கெரித்தது செம்பனை எண்ணெய். அதெல்லாம் எல்லோரும் சொல்கிற கதை. எனக்கு ஞாபகம் இருக்கிற ஒரு கூத்து மட்டும் சொல்கிறேன். நடுவில் ஒரு நாள், ஜப்பான்காரன் கெடாவைச் சயாம்காரனுக்கே கொடுத்துவிட்டான் என்று, வேலை மேய்க்கிற மண்டோர் வந்து சொன்னார். அத்தை அவரை மடக்கிக் கேட்டார்: “அப்ப நாம இருக்கிற எடமே சயாமா?”

“ஆமாம் பாட்டி.”

“அப்ப எம்மவன் எதுக்கு அவ்வளவு தூரம் போனான்? வூட்டுலயே இருந்திருந்தா சயாமே வந்திருக்குமே!”

மண்டோர் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டினார். அந்தக் கேள்விக்கு எனக்கும் இன்றுவரை பதில் தெரியாது.

ஆனால் சேதி மட்டும் வரவில்லை. ரயில் பாதையிலிருந்து ஓடி வந்த ஒருவன் பக்கத்துத் தோட்டத்தில் ஒளிந்திருந்து, அங்கே ஆட்கள் ஈ மாதிரிச் சாகிறார்கள் என்று சொன்னான். அதைக் கேட்டபின் எங்கள் லயத்தில் இரண்டு மூன்று வீடுகளில் புருஷன் பிணத்தைப் பார்க்காமலே கருமாதி செய்துவிட்டார்கள். ஆவி தண்ணீருக்குத் தவிக்கக் கூடாதாம். பெண்களுக்குப் பொட்டை அழித்துத் தாலியை வாங்கினார்கள். அக்காவின் மாமனார் வந்து அவளிடமும் பேசினார். அவள், “ஆள நீங்க காட்டுங்க, நான் கழட்டுறேன்” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. எனக்குப் பட்டைச்சாமிதான் இருந்தது. அது பச்சையாக இருக்கிறவரை அத்தை என் கழுத்துக்கு வர மாட்டார்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் குளிர் காய்ச்சல் வந்தது.

எத்தனை நாள் கிடந்தேன் என்று தெரியாது. பல் கிடுகிடுக்கக் கோணிக்குள் சுருண்டு கிடந்தேன். அக்கா ஏதோ கசப்புப் பட்டையைக் காய்ச்சி வாயில் ஊற்றினது நினைவிருக்கிறது. பக்கத்தில் அத்தை உட்கார்ந்து, மகனும் போனான், இவளும் போய்விடுவாள் போலிருக்கிறதே என்று பயந்து, எனக்கு ஒரு வாய் கொடுக்கும்போதெல்லாம் பட்டைச்சாமிக்கும் ஒரு வாய் கொடுத்திருக்கிறார். தீட்டெல்லாம் மறந்துவிட்டது. பாசம் வந்தால் மனுஷனுக்கு வேறு என்ன தோன்றும்? குடி, குடி என்றுதான்.

நான் எழுந்து உட்கார்ந்த அன்று வீட்டில் ஒரு நாற்றம். செத்த எலி என்று நினைத்தேன். அத்தை மங்கைத் துடைக்க எடுத்தார். ஒரு இலை கையோடு வந்தது. அடுத்ததைத் தொட்டார், அதுவும் வந்தது. அடி இலையெல்லாம் வெந்த கத்தரிக்காய் மாதிரி கண்ணாடியாகிக் கொழகொழவென்று இருந்தது. மங்கைச் சாய்த்தார். கறுப்புத் தண்ணீர் வழிந்தது.

அத்தை மங்கை என் முன்னால் வைத்தார். பாயைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

“அவன் போயிட்டான், புள்ள.”

“செடிதான் அத்தை அழுகியிருக்கு.”

“வெள்ளி கழியட்டும். ஒந் தாய்மாமன வரச் சொல்லு. செய்யறதச் செஞ்சிருவோம்.”

செய்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அங்கே தங்கம்கூட இல்லை, அது எப்போதோ அரிசியாகி வயிற்றுக்குள் போய்விட்டது. ஒரு மஞ்சள் துண்டும் கயிறும்தான். ஆனால் அதை எடுத்துவிட்டால் இவர் செத்தவராகிவிடுவார். எங்கோ உயிரோடு நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனுஷனை ஒரு மங்குக் கிழங்குத் தண்ணீரை வைத்துச் சாகடித்துவிடுவார்கள். அத்தையும் அன்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. மகன் பின்னாலேயே போய்விட வேண்டும் என்று ஒரு வேகம். இருக்கிற உடம்பில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

மங்கைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது பெருமைக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அக்கா செடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“ஏண்டி, இது சாமியா? நாறுது.”

“நடுவுல பாருக்கா. நடு இலை கெட்டியாத்தான் இருக்கு.”

புருஷனின் பால் வெட்டும் கத்தியை எடுத்து வந்தாள். அவன் போன பிறகு அதில் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். மரத்துக்கு வலிக்காமல் பட்டை சீவுகிற மாதிரி, அழுகினதை எல்லாம் மெல்ல மெல்லச் சீவினாள். கடைசியில் மிஞ்சியது ஒரு கொட்டைப்பாக்கு அளவு. வேரும் இல்லை, அடியும் இல்லை. வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பலை அப்பினோம்.

“இத எதுல நடுறது?” என்றாள்.

மங்கைப் பார்த்தேன். மறுபடி மண்ணில் வைத்தால் மறுபடி தண்ணீர் வரும். அத்தை படுத்த படுக்கையிலிருந்து எழுந்து வந்தாவது ஊற்றுவார். அப்போதுதான் அக்கா வீட்டு வாசல் நிலையில் தொங்கிக்கொண்டிருந்த கற்றாழை கண்ணில் பட்டது. எங்கள் ஆட்கள் வீட்டில் கண்ணேறு படாமல் இருக்க, கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டித் தொங்க விடுவது வழக்கம். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. அது பாட்டுக்கு மாசக்கணக்கில் பச்சையாகத் தொங்கும்.

“கட்டித் தொங்க விட்டுருவோம்க்கா.”

“இது கத்தாழையா?”

“அதுக்கு அண்ணன் தம்பியா இருக்கும். சதையப் பாரேன்.”

உண்மையைச் சொன்னால், அது பிழைக்கும் என்று நான் தொங்க விடவில்லை. அது சாவதற்கும் அவசரப்படாது என்று எனக்குத் தெரியும். ஒரு புது இலை விடவே அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது, போய்ச் சேரவும் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும். அதுவரை என் கழுத்து தப்பும்.

எங்கள் வாசல் நிலையில், உள்பக்கமாக, மழைச் சாரல் படாத இடத்தில் வாழை நாரால் கட்டினேன். பிறகு அத்தையின் காதருகே உட்கார்ந்தேன்.

“அத்தை, பட்டைச்சாமி வாசலுக்கு வந்துட்டாரு. காவலுக்கு.”

சுவரைப் பார்த்தே கேட்டார்: “உசிரு இருக்கா?”

“பச்சையா இருக்காரு. தை பொறக்கட்டும். அதுக்குள்ள காஞ்சு உதிந்தா நானே கழட்டித் தர்றேன். மாமாவக் கூப்பிட வேணாம்.”

“நீயா தருவியா?”

“நானா தருவேன்.”

பாயில் புரண்டு திரும்பினார். வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தார். “தலைகீழா எப்படிடி மூச்சு விடும்?” என்றார். அந்தக் கேள்வி வந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. கிழங்கைப் பிசைந்து நீட்டினேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டார். மெல்லுவதற்குள், “உப்பு இல்ல” என்றார். மீதி உயிரும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை, வாசலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பது. செடி சுருங்கியது. இலை மடங்கி, மூடின மொட்டு மாதிரி ஆயிற்று. ஆனால் பச்சை போகவில்லை. தண்ணீர் ஊற்ற முடியாத உயரம், ஊற்றினாலும் நிற்க இடம் இல்லை. அத்தையிடமிருந்து அதைக் காப்பாற்ற இதைவிட நல்ல இடம் உலகத்திலேயே கிடையாது. தை பிறப்பதற்கு முன்னால் ஒரு காலை, அத்தை ஊரே கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார். நான் கைவேலையைப் போட்டுவிட்டு வந்தேன். வெட்டின இடத்திலிருந்து, சாம்பலைத் தள்ளிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று சேமியா மாதிரி ஒரு வேர் காற்றில் நீண்டிருந்தது.

“ஏ புள்ள, கையை நீட்டுதுடி. என்னமோ கேக்குது.”

“தண்ணி கேக்கல அத்தை,” என்றேன் அவசரமாக.

சண்டை முடிந்தது என்று எங்களுக்குத் தெரிந்ததே, ஜப்பான்காரன் பெரட்டுக்கு வராத அன்றைக்குத்தான். சயாமுக்குப் போனவர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். வந்தவர்களைப் பார்த்தால் வராதவர்களைப் பற்றிக் கேட்க வாய் வராது. காலில் புண், கண் மட்டும் பெரிதாக. அப்படி வந்த ஒருவர்தான் அக்காவிடம், அவள் புருஷன் பேதியில் போய்விட்டதாகவும், தானே தூக்கிப் போட்டதாகவும் சொன்னார். அவள் அன்றைக்குத் தானே கழற்றினாள். என்னவரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. “வழியிலேயே எறக்கிட்டானுங்க” என்றார். இறக்கினால் என்ன அர்த்தம் என்று நாங்கள் கேட்கவில்லை. அத்தை வாசலைப் பார்த்தார். வேர் இப்போது இரண்டாகியிருந்தது.

நான் குனிந்து வாசலுக்குள் கூட்டிக்கொண்டிருந்தபோது, நிலையில் ‘டொக்’ என்று சத்தம். “ஆ” என்று ஓர் ஆண் குரல். நிமிர்ந்தேன். சட்டை போட்ட ஒரு மனுஷன், காலில் செருப்பு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். தலைக்கு மேலே பட்டைச்சாமி ஊஞ்சலாடுகிறது. என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார்.

“என் செடிய ஏன்டி தூக்குல போட்டீங்க?”

விளக்குமாறு என் கையிலேயே இருந்தது. நல்லவேளை, அதை ஓங்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் அத்தை வந்துவிட்டார். மகனின் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். சந்தையில் கோழி பார்க்கிற மாதிரி.

“சதை இருக்கு,” என்றார் என்னிடம். பிறகு அவரிடம், “சயாம்ல என்னடா சோறு போட்டான்?”

“நான் சயாமுக்கே போகலம்மா.”

“பின்ன?”

“அலோர்ஸ்டார்ல இருந்தேன்.”

அலோர்ஸ்டார்! ரயில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். கதவுப் பக்கமாக உட்கார்ந்து அவர் சொன்னார். ரயில் அலோர்ஸ்டாரில் நின்றபோது, செடி வளர்க்கத் தெரிந்தவன் யார் என்று ஒரு ஜப்பான் பெரிய அதிகாரி ஆள் விட்டுக் கேட்டிருக்கிறான். இவர் கையைத் தூக்கியிருக்கிறார். மெர்கோங் பக்கம் வயலை ஒட்டி ஒரு பங்களா. அங்கே தட்டுத் தட்டாகச் சின்னச் சின்ன மரம். ஆலமரம்போல விழுது விட்டு, ஆனால் முழங்கை உயரம்.

“அது வளரக் கூடாதும்மா. வளராமப் பாத்துக்கிறதுதான் என் வேலை.”

அத்தை வாயைப் பிளந்தார். “மரம் வளராம இருக்க ஒரு ஆளா?”

“வெளிய விட மாட்டான். லீவு கேட்டவன அடுத்த ரயில்ல ஏத்தி மேல அனுப்பிட்டான். அதனால நான் வாயே தொறக்கல. மீன்காரன்கிட்ட சொல்லி விட்டேன். அவன் இந்தப் பக்கம் வந்தானோ என்னமோ.”

எந்த மீன்காரனும் வரவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் வாயைத் திறந்தது அத்தைதான். “நான் இங்க கருமாதிக்கு நாள் பாத்துக்கிட்டிருக்கேன். இவன் அங்க மரத்துக்கு முடி வெட்டிக்கிட்டிருக்கான்!” என்று மகனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வைத்த கையோடு சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அது வந்த வேகத்துக்கு நிற்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சட்டென்று அத்தைக்குப் பக்கத்து வீடு ஞாபகம் வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கைக்குக் கிடைத்த துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டு மூன்று பேரும் இருட்டில் சிரித்தோம். அந்த லயத்தில் புருஷன் திரும்பி வந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு.

கதவு தட்டப்பட்டது.

அக்கா. நெற்றி வெறுமையாக நின்றாள். நாங்கள் வாயிலிருந்து துணியை எடுத்தோம். அவள் என்னவரைப் பார்த்தாள்.

“லோரியில எங்க வீட்டுக்காரரு ஒங்கூடத்தான நின்னாரு தம்பி?”

“ஆமாக்கா. ரயில்லயும் ஒண்ணாத்தான் உக்காந்திருந்தோம்.”

“என்ன சொன்னாரு?”

என்னவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் கண்ணால் ஜாடை காட்டினேன், ஏதாவது நல்லதாகச் சொல்லட்டும் என்று. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“பொகையில கேட்டாருக்கா. எங்கிட்ட இருந்ததக் குடுத்தேன். எறங்கும்போது, ‘மிச்சத்தையும் குடுத்துட்டுப் போடா’ன்னாரு. குடுத்துட்டேன்.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழப் போகிறாள் என்று நான் எழுந்தேன்.

“பாவி மனுசன்,” என்றாள். “கேட்டிருப்பாரு. அவரு வேற என்னத்தக் கேப்பாரு?” மூக்கால் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. “ஒனக்காவது செடியச் சொன்னான்டி, ஒன் புருஷன். எனக்குப் பொகையில.”

கதவைப் பிடித்துச் சுவரோடு சுவராகத் தள்ளித் திறந்துவிட்டாள்.

“ஏன்டி பூட்டிக்கிட்டுச் சிரிக்கிறீங்க? எனக்குக் கேக்காதுன்னா? பலகைச் சுவருதானடி. தொறந்து வச்சுச் சிரிங்க. இந்த லயத்துல ஒரு வீட்டுலயாவது சத்தம் கேக்கட்டும்.”

அவளே உள்ளே வந்து உட்கார்ந்தாள். மெர்கோங் மரத்தைப் பற்றி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். முடி வெட்டின இடம் வந்ததும் அத்தை மறுபடி அடித்தார், அக்கா மறுபடி சிரித்தாள்.

கதை கேட்டு முடிந்ததும் என்னவர் எழுந்து, நாரை அவிழ்த்துப் பட்டைச்சாமியைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டின இடத்தைக் கட்டை விரலால் தடவினார்.

“யாரு சீவினது?”

“நான்தான்,” என்றாள் அக்கா.

“பங்களாவுல எனக்கு இவ்வளவு சுத்தமா வராது,” என்றார்.

அவர் கொண்டுவந்த மூட்டையில் ஒரு பால் டின் இருந்தது. அடியில் ஆணி வைத்துத் தட்டினார். ஒரு ஓட்டை, அடுத்து இன்னொன்று, போதாதென்று மேலும் சில. மணலும் கரித்தூளும் கலந்து போட்டு, வேரை உடையாமல் இறக்கினார். இத்தனை காலம் தலைகீழாகத் தொங்கினது நிமிர்ந்து உட்கார்ந்தது. அத்தை உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு மங்கு, நிறையத் தண்ணீர்.

“இப்பதான் ஓட்டை இருக்கில்ல? வழிஞ்சிரும். ஊத்தலாமில்ல?”

அவர் என்னைப் பார்த்தார்.

“எங்கிட்ட ஒரு தடவ சொல்லிட்டீங்க, நான் கேட்டுட்டேன்,” என்றேன். “அது உங்க அம்மா. அவங்ககிட்ட நீங்க சொல்லுங்க.”

அத்தனை காலம் ஜப்பான்காரனைச் சமாளித்து வந்த மனுஷன், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குளிக்கப் போய்விட்டார்.